அடிப்பிடித்த சோற்றில் பதம் பார்ப்பது

அப்பாவுக்குக் கோவையில் மில் வேலை. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் வீட்டுக்கு நேரம் சொன்னது சுவர்க் கடிகாரமில்லை, மில் சங்கு. முழு நைட் வாரங்களில் நாங்கள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்காருவார். கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம். கையெழுத்துக்காக ரேங்க் கார்டை நீட்டிக்கொண்டு எதிரே நின்றாலும் பார்வை எங்கள்மேல் நிலைக்காது. கோபம் என்று சொல்ல முடியாது. எங்களோடு இல்லை, அவ்வளவுதான். "அப்பா முழு நைட்டு பாத்துட்டு வந்துருக்காரு, கொஞ்ச நேரம் விடுங்க கண்ணுகளா" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

அந்தக் கால் மணி நேரத்துக்கு விளக்கம் எனக்குப் பல வருடம் கழித்துக் கிடைத்தது. அதுவும் மில்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து: அமெரிக்காவின் பெரிய விமான நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறை. ரீனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர் 1980களில் அங்கே வேலை செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பின்தொடர்ந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அவருடைய கேள்வி.

இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததில்தான் ரெப்பெட்டியின் கெட்டிக்காரத்தனம். வேலைச்சுமை பற்றிய ஆராய்ச்சிகளில் ஒரு பழைய தொல்லை உண்டு. "இன்றைக்கு வேலை எப்படி?" என்று வீட்டுக்கு வந்தவரைக் கேட்டால், வீட்டில் சண்டை நடந்திருந்தாலே வேலையும் பாரமாக இருந்ததாகத் தோன்றும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாமல் போகும். கட்டுப்பாட்டாளரின் வேலை அப்படியில்லை. அன்றைக்கு எத்தனை விமானங்கள் வந்து போயின, பனியோ மேகமோ எவ்வளவு தூரம் பார்வையை மறைத்தன என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். யாருடைய மனநிலையும் அந்த எண்களைத் தொட முடியாது. ரெப்பெட்டி ஒரு கையில் அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டார். மறுகையில், வீட்டில் என்ன நடந்தது என்று நாள்தோறும் நிரப்பப்பட்ட படிவங்கள். 1994இல் வந்த ஆய்வில் பிள்ளைகளிடமும் படிவம் கொடுத்திருந்தார்.

விமானங்கள் நெருக்கியடித்த நாட்களில் அப்பாக்கள் ஒதுங்கினார்கள். குறைவாகப் பேசினார்கள், விளையாட்டில் சேரவில்லை, மனத்தாலும் தள்ளியே இருந்தார்கள். ஆனால் மேலதிகாரியோடோ சக ஊழியரோடோ உரசல் ஏற்பட்ட நாட்களின் கதை வேறு. அன்றைக்கு ஒதுக்கத்தை விடக் கோபம் முன்னே வந்தது, கண்டிப்பும் கூடியது. வேலையின் அளவு ஒரு வழியாக வீட்டுக்குள் வருகிறது. வேலையிடத்தில் பட்ட அவமானம் இன்னொரு வழியாக வருகிறது. "ஆபீஸ் டென்ஷன்" என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது நம் வழக்கம். அப்படிக் கட்டினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இன்னொரு விஷயம். 1989இல் அவர் வெளியிட்ட முந்தைய ஆய்வில், அப்படி ஒதுங்க இடம் கொடுத்த மனைவியர் இருந்த வீடுகளில் கோபம் குறைவாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்ச நேரம் விடச் சொன்ன குரலுக்கு இப்படி ஓர் ஆதாரம் கிடைக்கும் என்று அம்மா நினைத்திருக்கமாட்டார். ஆனால் மில்லுக்குப் போவது அம்மாவாக இருந்திருந்தால் சமையலறையிலிருந்து யார் குரல் கொடுத்திருப்பார்கள்? பிறகு இந்தக் கேள்விக்கு வருகிறேன்.

ரெப்பெட்டி பிள்ளைகளிடம் பெற்றோர் நடந்துகொண்ட விதத்தை அளந்தார். இந்த அத்தியாயத்தின் அக்கறை அதற்கு ஒரு படி உள்ளே இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்? "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும்" என்று நினைக்கிறாரா?

நம்பிக்கை என்றதும் அதை ஒரு குணமாக நினைத்துக்கொள்கிறோம்: சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துச் சிற்றூரான மண்டேரில் 1925இல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்து, 2021இல் மறைந்தவர். 1970களில் பாம்பென்றால் வெலவெலத்துப்போகிறவர்களை வைத்து ஆய்வு செய்தார். நஞ்சில்லாத மலைப்பாம்பு ஒன்று கூண்டில் இருக்கும். முதலில் அறைக்குள் நுழைவது, பிறகு கூண்டருகே போவது, கையுறையோடு தொடுவது, வெறுங்கையால் தொடுவது என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த படியைச் செய்ய முடியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டால், அவர் உண்மையில் எந்தப் படி வரை போவார் என்பதை அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது. இந்த "என்னால் இது முடியும்" என்ற எண்ணத்துக்கு அவர் கொடுத்த பெயரைத் தமிழில் தன்திறன் நம்பிக்கை என்கிறார்கள்.

அது வேலைக்கு வேலை வேறுபடும் என்பது முக்கியம். இருநூறு பேரைக் கட்டி மேய்க்கும் மேலாளர், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு கிண்ணம் பருப்புச் சாதம் ஊட்ட முடியாமல் தோற்றுப் போவார். அலுவலகத்து நம்பிக்கையை வீட்டில் செலவழிக்க முடியாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது? 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பண்டூரா நான்கு ஊற்றுக்கண்களைச் சொன்னார். நாமே செய்து பார்த்து வெற்றி பெறுவது, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வது, நம் உடம்பு சொல்வது. நான்கில் வலுவானது முதலாவது. எவ்வளவு புகழ்ந்தாலும், எத்தனை காணொளி பார்த்தாலும், ஒரு தடவை கையால் செய்து முடித்ததற்கு ஈடாகாது.

பிள்ளை வளர்ப்பில் அந்த "செய்து முடித்தது" எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. தூங்கும் கைக்குழந்தைக்கு விழிக்காமல் நகம் வெட்டுவது. சிக்கெடுக்கும்போது அழாமல் தலைவாரிப் பின்னிவிடுவது. இது பசி அழுகை, இது தூக்க அழுகை என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்வது. மாத்திரையைத் தேனில் குழைத்தால் இவன் சாப்பிடுவான், பாலில் கலந்தால் துப்பிவிடுவான் என்று தெரிந்திருப்பது. இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் இவன் வேறு, புத்தகத்துப் பிள்ளை வேறு. பத்துத் தடவை தப்பாகச் செய்து பதினோராவது தடவை சரியாக வந்தால் அது கையில் தங்கிவிடும். நம் பாட்டிமார் இதைக் கைப்பழக்கம் என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து முடித்துவிட்டார்கள்.

டக்ளஸ் டெட்டியும் டோனா கெல்ஃபண்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அதற்குரிய இடத்தில் வைத்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர்கள். மனச்சோர்வு, குழந்தையின் அடம், உதவிக்கு ஆள் இருப்பது அல்லது இல்லாதது, எல்லாமே தாய் குழந்தையைக் கையாளும் விதத்தோடு தொடர்பு கொண்டிருந்தன. ஆனால் "எனக்குத் தெரியும்" என்ற நம்பிக்கையைக் கணக்கில் சேர்த்ததும் மற்ற தொடர்புகள் பெரும்பாலும் வற்றிவிட்டன. வெளியே உள்ள பாரமெல்லாம் அந்த ஒரு மதகு வழியாகத்தான் குழந்தையை அடைந்தது.

இனி என் ஊகம் ஒன்று. இதை அளந்து காட்டிய ஆய்வு என்று எதையும் முன்வைக்கவில்லை. ஆனால் என் வீட்டில் பார்த்தேன்.

மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது நான் பத்திரிகை வேலையில் இருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை, இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, இவ்வளவுதான் அவளை விழித்த நிலையில் பார்ப்பேன். காலையில் சாக்ஸ் ஒன்று காணாமல் போயிருக்கும். இட்லி வேண்டாம் என்பாள். வேன்காரர் ஹாரன் அடிப்பார். இரவில் அவளுக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம். பல் தேய்க்கச் சொன்னால் தரையில் படுத்துக்கொண்டு உருளுவாள். நானும் கத்துவேன். "எனக்கு இதெல்லாம் வராது" என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவளுடைய டீச்சர் சொன்னார்: "ரொம்பப் பொறுமையான குழந்தை சார். பக்கத்துப் பையன் அழுதா இவதான் சமாதானப்படுத்துவா." நாங்கள் இருவரும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று எனக்குச் சந்தேகம். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மேசையில் இருந்த கிரேயான்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பகல் பதினொன்றரை மணி. அந்த நேரத்தில் அவளை நான் வேலை நாளில் பார்த்ததே இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புள்ளியியல் வகுப்பில் மாதிரியெடுப்பைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வரி கிடைக்காது. ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: கரண்டி எங்கே போகிறது என்பது. அடிப்பிடித்த இடத்திலிருந்து மட்டும் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, பானை முழுக்கக் கருகிவிட்டது என்று முடிவு கட்டினால்? வேலைக்குப் போகும் பெற்றோரின் கரண்டி நாளுக்கு இரண்டு முறை அடிச்சோற்றில்தான் விழுகிறது. பிள்ளை களைத்த நேரம், தானும் களைத்த நேரம், கடிகாரம் துரத்தும் நேரம். அதில் கிடைத்ததை வைத்துப் பிள்ளையையும் எடைபோடுகிறார்கள், தங்களையும் எடைபோடுகிறார்கள். பண்டூராவின் முதல் ஊற்று இங்கே இரண்டு விதமாக அடைபடுகிறது. முயற்சிகளின் எண்ணிக்கை குறைவு. நடக்கிற முயற்சிகளும் தோற்பதற்கென்றே அமைந்த நேரத்தில் நடக்கின்றன.

நான்காவது ஊற்றான உடம்பும் அப்போது ஒத்துழைக்காது. படபடப்போடும் தலைவலியோடும் இருக்கும்போது மூளை அந்தப் படபடப்பையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது: "கை நடுங்குகிறது, அப்படியானால் இது என்னால் முடியாத காரியம்." நடுக்கம் மாலை ஆறு மணிக் கூட்டத்தில் தொடங்கியது என்பதை அது மறந்துவிடும்.

பிறகு சுழல் தொடங்கும். நம்பிக்கை இழந்த அப்பா சீக்கிரம் விட்டுக்கொடுப்பார், அல்லது சீக்கிரம் அடிப்பார். கையில் கைபேசியைக் கொடுப்பது முதல் வகை. இரண்டிலுமே பிள்ளை மறுநாள் இன்னும் கொஞ்சம் அடம் பிடிக்கும். அதைப் பார்த்து அப்பாவின் நம்பிக்கை இன்னொரு படி இறங்கும். எதிலிருந்து எது என்று பிரிப்பது கடினம். அதனால்தான் நாள்தோறும் குறிப்பெடுக்கும் ஆய்வுகளுக்கு மதிப்பு: இன்றைய வேலை, இன்றைய மாலை, நாளைய வேலை என்று வரிசையாவது கையில் இருக்கும்.

அதிக நம்பிக்கை இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். விஸ்கான்சினில் வில்பர்ட்டா டோனவனும் லூயிஸ் லெவிட்டும் செய்த சோதனைகள் இங்கே ஒரு தடையைப் போடுகின்றன. தாய்மார்களுக்குக் குழந்தை அழும் ஒலிப்பதிவைப் போட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அழுகை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். உங்கள் கையில் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று கேட்டார்கள். இல்லாத கட்டுப்பாட்டை இருப்பதாக மிகையாக மதிப்பிட்டவர்கள்தான், பிறகு என்ன செய்தும் நிற்காத அழுகையைச் சந்தித்தபோது எளிதில் துவண்டார்கள். "எல்லாம் என் கையில்" என்று நம்பியவருக்கு முதல் தோல்வியே பெரிய தோல்வி. காலக்கெடு, இலக்கு, மதிப்பெண் என்று எல்லாவற்றையும் கைக்குள் வைத்துப் பழகியவர்கள் பிள்ளை பிறந்ததும் திகைப்பது இதனால்தானோ என்று எனக்கு ஓர் எண்ணம். ஜெஃப்ரி கிரீன்ஹவுஸும் நிக்கோலஸ் பியூட்டலும் 1985லேயே சொன்னது இது: வேலை நம் நேரத்தையும் தெம்பையும் எடுத்துக்கொள்வது போக, தன் நடத்தை முறையையும் நம்மோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. "அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டு முடி" என்று நான் மகளிடம் சொன்ன தொனி என் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் பக்கம் கேட்ட தொனிதான். அலுவலகத்தில் அது வேலை செய்தது.

நேரமே இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நேரத்தைக் கணக்கெடுத்தவர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்தார்கள். சூசன் பியாங்கியும் அவருடைய சகாக்களும் அமெரிக்கக் குடும்பங்களின் நாட்குறிப்புகளை 1965இலிருந்து ஒப்பிட்டார்கள். அந்தக் காலகட்டத்தில் தாய்மார்கள் பெருமளவில் வேலைக்குப் போனார்கள். ஆனாலும் 2000 வாக்கில் அவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பதற்குச் செலவிட்ட நேரம் 1965இல் இருந்ததைவிடக் குறையவில்லை, கூடியிருந்தது. அப்பாக்களின் நேரமும் கூடியது. தூக்கத்திலும் வீட்டு வேலையிலும் தன் ஓய்விலும் வெட்டிக்கொண்டு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நேரம் கூடியும் குற்றவுணர்வு ஏன் குறையவில்லை? அளவுகோல் அதைவிட வேகமாக நீண்டுவிட்டது. சமூகவியலாளர் ஷாரன் ஹேஸ் 1996இல் தீவிரத் தாய்மை என்று இதற்குப் பெயர் வைத்தார்: பணம், நேரம், மனம், நிபுணர் ஆலோசனை எல்லாவற்றையும் கொட்டி வளர்த்தால்தான் வளர்ப்பு என்ற எதிர்பார்ப்பு. என் அப்பாவிடம் 'நல்ல அப்பாவா நீங்கள்' என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தாலே அந்தக் கேள்விதான்.

பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று நேராகக் கேட்டவர் எலன் கலின்ஸ்கி. 3ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், பெற்றோரின் வேலை உங்கள் வாழ்க்கையைத் தொடும் விதத்தில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார். பெற்றோரிடம், உங்கள் பிள்ளை என்ன சொல்லும் என்று ஊகிக்கச் சொன்னார். 1999இல் முடிவுகள் வெளியாயின. 56 சதவீதப் பெற்றோர், "எங்களோடு இன்னும் நேரம் வேண்டும் என்பார்கள்" என்று ஊகித்தார்கள். அம்மாவோடு இன்னும் நேரம் வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள் 10 சதவீதம்தான். 34 சதவீதம் பேர் கேட்டது வேறு: அம்மா இவ்வளவு களைப்பும் பதற்றமும் இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டும். பெற்றோர் வராத நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெப்பெட்டி இந்த முகத்தையும் படம் பிடித்தார். வேலையிடத்தை ஒட்டிய காப்பகத்தில் பிள்ளையை விட்டிருந்த அம்மாக்கள் மாலையில் வந்து கூட்டிச் செல்லும் அந்தச் சில நிமிடங்களை, ஐந்து வேலை நாட்கள், காணொளியாகப் பதிவு செய்தார்கள். 1997இல் ஜெனிஃபர் வுட்டோடு சேர்ந்து அதை வெளியிட்டார். வேலை நெருக்கிய நாட்களில் அம்மாக்கள் குறைவாகப் பேசினார்கள், அணைப்பும் கொஞ்சலும் குறைந்தன. விமான நிலையத்து அப்பாக்களுக்கு நேர்ந்தது அம்மாக்களுக்கும் நேர்கிறது.

நேர்ந்த பிறகு என்ன என்பதில்தான் வேறுபாடு. இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். 15 முதல் 59 வயது வரையுள்ளவர்களில், வீட்டில் யாரையாவது பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் 41 சதவீதம். அவர்கள் நாளுக்கு 140 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 21.4 சதவீதம், 74 நிமிடம். சமையலும் துலக்குவதும் துவைப்பதும் தனிக்கணக்கு. பெண்களுக்கு அதில் மட்டும் 305 நிமிடம். வேலையிலிருந்து வரும் பெண்ணுக்குத் திண்ணை கிடையாது. செருப்பைக் கழற்றிய கையோடு குக்கர் வைக்க வேண்டும். முன்னே கேட்டுவிட்டு வந்த கேள்விக்கு இதுதான் பதில்: யாரும் குரல் கொடுத்திருக்கமாட்டார்கள். அம்மா அதே களைப்போடு அடுப்படியில் இருந்திருப்பார், நாங்கள் அவருடைய புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருப்போம். ஒதுங்க முடியாத களைப்பு கோபமாகத்தான் வெளியே வரும். பிறகு அவரே தன்னைக் கோபக்காரத் தாய் என்று சொல்லிக்கொள்வார்.

யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் எழுதிய நூலில், குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் இடங்களில் அது ஒருநாளும் காலடி வைக்காத இடங்களும் உண்டு என்றார். அதற்கு அவர் முதலில் சொன்ன உதாரணங்களில் ஒன்று பெற்றோரின் வேலையிடம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத் திரும்புவது. அது கடினம், ஆனால் அது தெரிந்த கடினம். பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகலாம். மாலை ஐந்து மணிக்கு "ஷிப்மென்ட் இருக்கு, இன்னிக்கு நைட்டும் பாக்கணும்" என்று வரும் சொல்தான் வீட்டைக் கவிழ்ப்பது. பிள்ளையிடம் காலையில் சொல்லிவிட்டு வந்த வார்த்தை அந்த நேரத்தில் பொய்யாகிறது. எத்தனை முறை பொய்யானால் ஒரு தாய் வாக்குக் கொடுப்பதையே நிறுத்துவார்?

கலிஃபோர்னியாவின் எமரிவில் நகரத்தில் 2017இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய சில்லறைக் கடைகளும் துரித உணவுக் கடைகளும் தொழிலாளரின் வேலை நேரத்தை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும், பின்னால் மாற்றினால் கூடுதல் பணம் தர வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் தொழிலாளர்களுக்கு எலிசபெத் அனனட்டும் அன்னா கேஸ்மன்-பைன்ஸும் நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பிக் கேள்வி கேட்டார்கள். கடைசி நேர மாற்றங்கள் குறைந்தன. பெற்றோரின் தூக்கமும் மனநிலையும் தேறின. பெற்றோருக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் இதில் இல்லை. ஷிப்ட் அட்டவணை முன்கூட்டியே வந்தது, அவ்வளவே.

அதே கேஸ்மன்-பைன்ஸ் 2011இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தது. குறைந்த வருமானத்தில், சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் தினமும் குறிப்பெழுதினார்கள். மேற்பார்வையாளர் குறை சொன்ன நாட்களில் பிள்ளையிடம் கடுமையும் ஒதுக்கமும் கூடின. வேலையைப் பாராட்டிய நாட்களில் பிள்ளையிடம் இதம் கூடியது. எங்கோ ஒரு கடையில் ஒரு சூப்பர்வைசர் போகிற போக்கில் சொன்ன "நல்லா பண்ணியிருக்கீங்க" என்ற வார்த்தை பஸ் ஏறி வந்து, அவருக்கு முகமே தெரியாத ஒரு குழந்தையின் கன்னத்தில் முத்தமாக விழுகிறது. பண்டூராவின் மூன்றாவது ஊற்று இவ்வளவு தூரம் பாயும் என்பது அவருக்கே வியப்பாக இருந்திருக்கும். பெற்றோருக்குத் தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு பிரதியை மேற்பார்வையாளர்களுக்கும் அனுப்பலாம்.

இரண்டாவது ஊற்று, அதாவது பிறர் செய்வதைப் பார்ப்பது, நம் ஊரில் ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்தது. பத்து வயதில் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர்கள் தாயாகும்போது அது முதல் குழந்தை இல்லை. இன்று பலர் முதல் முறையாகத் தூக்கும் கைக்குழந்தை தன்னுடையதுதான். 42 நாடுகளில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரிடம் இசபெல் ரொஸ்காமும் மொய்ரா மிக்கொலாஜாக்கும் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், தனிமனிதப் போக்கு மேலோங்கிய நாடுகளில்தான் பெற்றோர் எரிந்து ஓய்ந்துபோவது அதிகம் என்று தெரியவந்தது. கூட்டுக் குடும்பத்தைப் பூசை செய்ய இதை எடுத்துக்கொள்ளவேண்டாம். மாமியார் ஒருவர் நான்கு ஊற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தால் சிலதைச் செய்ய முடியும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. நான்கு முறை என்பதைக் கரண்டிக் கணக்கில் பாருங்கள். பகல் பதினொன்றரை மணிக்குக் கிரேயான் அடுக்கும் பிள்ளையை ஒரு தாய் பார்க்க முடியும் என்று அர்த்தம். தந்தைக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. மில்லும் மூடிப் பல வருடமாகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, இந்த அத்தியாயம் மனதில் ஓடிக்கொண்டிருந்ததால், எங்களை வளர்த்ததைப் பற்றிக் கேட்டேன். "நான் எங்கடா வளத்துனேன்? உங்கம்மா வளத்துனா. நான் மில்லுக்குப் போனேன், வந்தேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

பட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆடிக் காற்றில் பட்டம் அறுந்து, நூல் நாலு துண்டாகிக் கையில் இருந்தது. அவர் முழு நைட் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேச பயம். நூல் துண்டுகளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். என் முகத்தைப் பார்க்காமலே எடுத்தார். இரண்டு நுனிகளையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு திருகு. மில்லில் இரவு முழுக்க அறுந்த இழைகளைச் சேர்த்துவிட்டு வந்த விரல்கள். மூன்று இடத்திலும் சேர்த்துக் கொடுத்தார். விரலை ஓட்டிப் பார்த்தேன், முடிச்சு எங்கே இருக்கிறது என்று தட்டுப்படவேயில்லை.

அவருக்கு நினைவில்லை. எந்தப் பட்டம், எந்த வருடம் என்று கேட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நின்னுச்சா?" என்றார்.